கடல் கடந்த சொத்தும் கலைந்த மணவாழ்வும்
வணிகர் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய சட்டக் கணக்கு



கடையில் ஒரு மூட்டை துவரம் பருப்பு குறைந்தால் இருப்புப் புத்தகத்தைப் புரட்டாமல் நாம் தூங்குவதில்லை. ஆனால் மகளுக்குப் போட்ட நகை எத்தனை பவுன், மாப்பிள்ளைக்கு முதலாகக் கொடுத்த ரொக்கம் எவ்வளவு, மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தில் வாங்கிய மனை யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டால், நம்மில் பலர் மனக்கணக்காகத்தான் பதில் சொல்வோம். குடும்பம் ஒற்றுமையாக இருக்கும் வரை மனக்கணக்கு போதும். மணவாழ்வு முறிந்து இரு வீட்டாரும் நீதிமன்ற வாசலில் நிற்கும்போது அது செல்லாக்காசாகிவிடுகிறது.

வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் நம் தோல் பகுதி 2019-ல் மூன்று மாவட்டங்களாகப் பிரிந்தது. மாவட்டம் மூன்றானாலும் பிழைப்பு ஒன்றுதான். டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் சம்பளம் போட்டால்தான் நம் கல்லாவில் பணம் விழும். இங்கே பதனிட்ட தோலும் தைத்த காலணியும் ஐரோப்பாவுக்குப் போகின்றன. நம் பிள்ளைகள் துபாய்க்கும் சவூதிக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போகிறார்கள். அங்கே ஒரு கடை, ஒரு அடுக்குமாடி வீடு, ஒரு வங்கிக் கணக்கு என்று சொத்து சேர்கிறது. மணவிலக்கு என்று வரும்போது, அந்தச் சொத்து யாருக்கு, எந்த ஊர் நீதிமன்றத்தில் கேட்பது, தீர்ப்பு வாங்கினாலும் பணம் கைக்கு வருமா என்ற கேள்விகள் எழுகின்றன. இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாதிக்குப் பாதி என்ற தப்பெண்ணம்

விவாகரத்து ஆனால் சொத்தில் பாதி மனைவிக்கு வந்துவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சினிமாவிலும் வெளிநாட்டுச் செய்திகளிலும் பார்த்து வந்த எண்ணம் இது. இந்தியாவில் அப்படியொரு பொதுச் சட்டம் கிடையாது. கோவா மட்டும் விலக்கு. போர்த்துகீசியர் காலத்துச் சிவில் சட்டம் அங்கே இன்றும் நடைமுறையில் இருப்பதால், கணவன் மனைவி சொத்து பொதுச் சொத்தாகக் கருதப்படுகிறது. மற்ற மாநிலங்களில் கணவன் பெயரில் உள்ளது கணவனுடையது, மனைவி பெயரில் உள்ளது மனைவியுடையது என்பதே தொடக்கப் புள்ளி. மனைவிக்குச் சட்டம் தருவது பெரும்பாலும் ஜீவனாம்சம், நிரந்தர ஜீவனாம்சம் என்ற வழியில்தான்.

இந்துக்களுக்கு 1955-ம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் பொருந்தும். அதன் 25-ம் பிரிவு, இரு தரப்பின் வருமானத்தையும் சொத்தையும் பார்த்து மொத்தமாகவோ மாதாமாதமோ ஜீவனாம்சம் வழங்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 27-ம் பிரிவு, திருமணத்தின்போது அல்லது அதையொட்டி அன்பளிப்பாக வந்து இருவருக்கும் கூட்டாக உரிய பொருள்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இடம் தருகிறது. கிறிஸ்தவர்களுக்கு 1869-ம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்திலும், பதிவுத் திருமணம் செய்தவர்களுக்கு 1954-ம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்திலும் ஜீவனாம்சப் பிரிவுகள் உள்ளன.

முஸ்லிம் குடும்பங்களில் கணவன் சொத்தும் மனைவி சொத்தும் தொடக்கத்திலிருந்தே தனித்தனி. மஹர் என்பது கணவன் மனைவிக்குத் தர வேண்டிய கடன். அது அன்பளிப்பு அன்று. 1986-ம் ஆண்டு முஸ்லிம் பெண்கள் விவாகரத்து உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-ம் பிரிவு மணவிலக்குப் பெற்ற பெண்ணுக்கு மஹரையும், திருமணத்துக்கு முன்போ பின்போ உறவினர்களும் நண்பர்களும் கணவனும் அவளுக்குத் தந்த சொத்துகளையும், நியாயமான ஏற்பாட்டுத் தொகையையும் கேட்கும் உரிமை தருகிறது. அந்த ஏற்பாடு இத்தா காலத்துக்கு மட்டும் போதுமா என்ற கேள்விக்கு 2001-ல் டேனியல் லத்தீஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. இத்தா முடிவதற்குள் செய்து கொடுக்க வேண்டும்; ஆனால் அவளுடைய எதிர்காலம் முழுவதையும் கருத்தில் கொண்டு செய்ய வேண்டும் என்பதே அந்தத் தீர்ப்பு. 2024 ஜூலையில், குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ம் பிரிவின்படி ஜீவனாம்சம் கேட்கும் உரிமையும் மணவிலக்குப் பெற்ற முஸ்லிம் பெண்ணுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்தப் பிரிவு இப்போது புதிய சட்டத்தில் 144-ம் பிரிவாக உள்ளது.

எந்தச் சமயத்தவரானாலும் ஒரு செய்தி பொது. பெண்ணுக்குப் போட்ட நகையும் சீரும் அவளுடைய சொந்தச் சொத்து. கணவன் வீட்டார் அதை வாங்கிப் பெட்டியில் வைத்திருந்தால், பொறுப்பில் வைத்திருப்பவர்கள்தாமே தவிர உரிமையாளர்கள் அல்லர். 1985-ல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சீதனம் பற்றி இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்த நகையை விற்றுத் துபாயில் கடை வைத்தால் நகையின் மதிப்பு மறைந்துவிடாது. ஆனால் அந்த நகைதான் கடையாக மாறியது என்று காட்ட ரசீது வேண்டும்.

நெய்வேலி வழக்கு சொல்லும் பாடம்

நம்மில் பல குடும்பங்களுக்குக் கண்ணாடி பிடித்தது போன்ற ஒரு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 21.6.2023 அன்று தீர்ப்பளித்தது. நெய்வேலிப் பகுதிக் குடும்பம் அது. கணவர் 1980-களிலும் 90-களின் தொடக்கத்திலும் சவூதி அரேபியாவில் வேலை பார்த்தார். மனைவி ஊரில் இருந்து பிள்ளைகளை வளர்த்து, கணவர் அனுப்பிய பணத்தைக் கொண்டு சொத்து வாங்கினார். ஊர் திரும்பிய கணவர், எல்லாம் என் சம்பாத்தியம், மனைவி என் சார்பில் பொறுப்பாளராக மட்டுமே இருந்தார் என்று வழக்குத் தொடுத்தார்.

நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அந்த வாதத்தை அப்படியே ஏற்கவில்லை. கணவன் வெளியே நிம்மதியாக உழைக்க முடிந்ததற்கு மனைவி வீட்டில் ஓய்வில்லாமல் உழைத்தது காரணம். அந்த உழைப்பும் சொத்து சேர்ந்ததில் ஒரு பங்களிப்பே. எனவே வழக்கில் இருந்த முக்கியச் சொத்துகளில் மனைவிக்குச் சம பங்கு உண்டு என்று அவர் தீர்ப்பளித்தார்.

இதை வைத்து, இனிமேல் எல்லா மனைவியருக்கும் பாதி நிச்சயம் என்று கொள்ளக் கூடாது. ஒரு வழக்கின் சாட்சியங்களைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு இது. பாராளுமன்றம் இயற்றிய சட்டம் அன்று. மேலும் வழக்கில் இருந்தவை இங்குள்ள சொத்துகள். ஆனாலும் அனுப்பியவன் பணம், அனுப்பியவன் சொத்து என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது என்பதை இது காட்டுகிறது. கணவன் வெளிநாட்டில் இருக்கும் காலத்தில் கடையைப் பார்த்து, பற்று வசூலித்து, சீட்டு கட்டி, சொத்து வாங்கிய மனைவியின் உழைப்புக்கு மதிப்புண்டு.

நிலம் எங்கேயோ, நீதிமன்றம் அங்கே

நம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 16-ம் பிரிவு, அசையாச் சொத்து எந்த எல்லைக்குள் இருக்கிறதோ அங்கேதான் அதன் மீதான வழக்கைத் தொடுக்க வேண்டும் என்கிறது. உலக நாடுகள் பலவும் இதே கொள்கையைப் பின்பற்றுகின்றன. ஆகவே துபாயில் உள்ள வீட்டின் உரிமையை மாற்றி எழுத வேலூர் நீதிமன்றத்தால் முடியாது. ஆம்பூரில் உள்ள கடைக் கட்டடத்தின் பட்டாவை மாற்ற லண்டன் நீதிமன்றத்தாலும் முடியாது.

ஆனால் நீதிமன்றத்தின் கை சொத்தை எட்டாவிட்டாலும் ஆளை எட்டும். எதிரில் நிற்கும் கணவனைப் பார்த்து, உன் துபாய் வீட்டின் மதிப்பையும் சேர்த்துக் கணக்கிட்டு இவ்வளவு தொகை கொடு என்று வேலூர் குடும்ப நல நீதிமன்றம் சொல்லலாம். வழக்கு முடியும்வரை விற்காதே என்று அவன் மீது தடையுத்தரவு போடலாம். அவனுக்கு இங்கே கடையோ மனையோ இருந்தால் அதன் மீது தொகையை வசூலிக்க வழி உண்டு. அவனும் அங்கே, சொத்தும் அங்கே என்றால்தான் சிக்கல் பெரிதாகிறது.

எதிர்த்திசையிலும் இதே கதைதான். இங்கிலாந்தில் 1973-ம் ஆண்டு திருமண வழக்குகள் சட்டத்தின்படி விவாகரத்து நடந்தால், கணவனும் மனைவியும் உலகில் எங்கே எது வைத்திருந்தாலும் வெளியிட வேண்டும். ஆம்பூரில் உள்ள பூர்வீக வீடும் வாணியம்பாடிக் கடையின் பங்கும் அந்தக் கணக்கில் வரும். 2000-ம் ஆண்டில் வைட் எதிர் வைட் வழக்கில் பிரபுக்கள் சபை, சம்பாதித்தவர் என்றும் வீட்டைப் பார்த்தவர் என்றும் பாகுபாடு காட்டக் கூடாது, சமத்துவத்தை அளவுகோலாக வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொன்னது. சிங்கப்பூரில் முஸ்லிம் அல்லாதாருக்கு மகளிர் சாசனச் சட்டம், முஸ்லிம்களுக்கு ஷரியா நீதிமன்றம் என்று இரு வழிகள் உண்டு. இரண்டிலுமே திருமணச் சொத்தைப் பிரித்துத் தரும் அதிகாரம் இருக்கிறது. மலேசியாவிலும் முஸ்லிம் தம்பதியர் கூட்டாகச் சேர்த்த சொத்தை ஷரியா நீதிமன்றம் பிரிக்கிறது.

ஆகவே ஒரே கணவன், ஒரே மனைவி, ஒரே சொத்து என்றாலும், வழக்கு நடக்கும் நாட்டைப் பொறுத்து கைக்கு வரும் தொகை மாறுகிறது. சம்பந்தம் பேசும்போது மாப்பிள்ளை எந்த நாட்டில் நிரந்தரக் குடியுரிமை வைத்திருக்கிறார் என்று விசாரிப்பதும் இதனால் அவசியமாகிறது.

வெளிநாட்டுத் தீர்ப்பு இங்கே செல்லுமா?

அமெரிக்காவில் விவாகரத்து வாங்கிவிட்டேன், தபாலில் நகல் அனுப்பியிருக்கிறேன், எல்லாம் முடிந்தது என்று மாப்பிள்ளை எழுதினால் பயந்துவிட வேண்டாம். சிவில் நடைமுறைச் சட்டத்தின் 13-ம் பிரிவு, வெளிநாட்டுத் தீர்ப்பை ஏற்க முடியாத ஆறு காரணங்களைச் சொல்கிறது. அதிகாரமில்லாத நீதிமன்றம், எதிர்த் தரப்பைக் கேட்காத விசாரணை, மோசடி ஆகியவை அவற்றில் சில.

1991-ல் நரசிம்ம ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. திருப்பதியில் 1975-ல் இந்து முறைப்படி நடந்த திருமணத்தை, கணவர் அமெரிக்காவின் மிசௌரி மாநில நீதிமன்றத்தில் முறித்திருந்தார். திருமணம் எந்தச் சட்டத்தின்படி நடந்ததோ அந்தச் சட்டம் ஏற்கும் நீதிமன்றமும், அந்தச் சட்டம் சொல்லும் காரணமும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, அந்த அமெரிக்கத் தீர்ப்பை ஏற்க மறுத்தது. விதிவிலக்காக, மனைவி அந்த நாட்டிலேயே நிரந்தரமாக வசித்து, திருமணம் நடந்த சட்டம் சொல்லும் காரணத்தின்மேல் வழக்கு நடந்திருந்தாலோ, தானாக முன்வந்து அந்த நீதிமன்றத்துக்கு உட்பட்டு அத்தகைய காரணத்தின்மேல் வழக்காடியிருந்தாலோ, விவாகரத்துக்குச் சம்மதித்திருந்தாலோ தீர்ப்பு செல்லும்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வெளிநாட்டு நீதிமன்றத்திலிருந்து வரும் அறிவிப்பை அலட்சியமாகப் பரணில் போடுவதும் ஆபத்து, யோசிக்காமல் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புவதும் ஆபத்து. வந்த அன்றே வழக்கறிஞரிடம் காட்டிவிட வேண்டும்.

பணம் கொடுக்கச் சொல்லும் தீர்ப்பை நிறைவேற்றுவதற்கு 44-ஏ என்ற பிரிவு உள்ளது. இங்கிலாந்து, சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், நியூசிலாந்து முதலிய நாடுகளை மத்திய அரசு பரஸ்பர நாடுகளாக அறிவித்திருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகம் 2020 ஜனவரியில் இந்தப் பட்டியலில் சேர்ந்தது. இந்நாடுகளின் குறிப்பிட்ட நீதிமன்றங்கள் தரும் பணத் தீர்ப்பை நம் மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, இங்கே வழங்கிய தீர்ப்பைப் போலவே நிறைவேற்றக் கேட்கலாம். 13-ம் பிரிவு ஆட்சேபணைகளை எதிர்த் தரப்பு அப்போதும் எழுப்பலாம். அமெரிக்கா இந்தப் பட்டியலில் இல்லை. அங்கே வாங்கிய தீர்ப்பை வைத்து இங்கே புதிதாக வழக்குப் போட வேண்டும்.

இங்கே வாங்கிய தீர்ப்பை அங்கே கொண்டுபோவதற்கு அந்தந்த நாட்டுச் சட்டமே வழி. அமீரகத்துடன் 1999-ல் இந்தியா செய்த நீதித்துறை ஒத்துழைப்பு ஒப்பந்தம் உள்ளது. அது இருந்தும், அங்கே ஒரு வழக்கறிஞர், மொழிபெயர்ப்பு, சான்றொப்பம் என்று செலவும் காலமும் பிடிக்கும். சின்னத் தொகைக்காக இதில் இறங்கும் முன், வரவைவிடச் செலவு மிஞ்சுமா என்று வியாபாரக் கண்ணோடு பார்த்துக் கொள்ள வேண்டும்.

யார் பெயரில் இருக்கிறது?

வியாபாரிகள் அதிகம் அடிபடும் இடம் இதுதான். ஓர் உதாரணத்தை வைத்துக் கொள்வோம். நம் பகுதியில் ஒரு மளிகை மொத்த வியாபாரி. மகளுக்கு 80 பவுன் போட்டார். மாப்பிள்ளை துபாயில் மளிகைக் கடை வைக்க 20 லட்சம் கொடுத்தார். பத்து ஆண்டு கழித்து மணம் முறிந்தது. கடையில் என் பணம் இருக்கிறது என்கிறார் மாமனார். மாப்பிள்ளை காட்டும் உரிமத்தில் ஓர் அரபி பெயர் இருக்கிறது.

இது கற்பனைக்கு எட்டாத விஷயம் அன்று. அமீரகத்தில் தடையற்ற வணிக மண்டலங்களுக்கு வெளியே தொடங்கும் கம்பெனிகளில் 51 சதவீதப் பங்கு அந்நாட்டவர் பெயரில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை நெடுங்காலம் இருந்தது. 2021-ல் தான் பெரும்பாலான தொழில்களுக்கு அது நீங்கியது. அதற்கு முன் தொடங்கிய பல கடைகளில் உண்மையான முதலாளிக்கும் காகித முதலாளிக்கும் இடையே தனி ஒப்பந்தம் மட்டுமே இருந்தது. அந்த ஒப்பந்தத்தில் மாமனார் பெயர் எங்கே இருக்கும்? அவர் கொடுத்த 20 லட்சம் கடனா, பங்கா, அன்பளிப்பா என்று ஒரு வரிகூட எழுதாமல் கொடுத்திருந்தால், மாப்பிள்ளை அதை அன்பளிப்பு என்றே சொல்வார். மறுக்க நம் கையில் எதுவும் இராது.

கூட்டுக் கணக்கு பற்றியும் ஒரு மயக்கம் உண்டு. வங்கிக் கணக்கில் இருவர் பெயர் இருப்பது, பணத்தை யாரிடம் கொடுக்கலாம் என்று வங்கிக்குச் சொல்லும் ஏற்பாடு. பணம் யாருடையது என்ற தகராறு வந்தால் அது எங்கிருந்து வந்தது என்றே நீதிமன்றம் பார்க்கும். நியமனதாரர் என்று பெயர் எழுதியிருப்பதும் உரிமை ஆகாது. 2023 டிசம்பரில் கம்பெனிப் பங்குகள் தொடர்பான வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது.

பொது அதிகாரப் பத்திரத்தை வைத்து உரிமை மாறாது என்று 2011-ல் சூரஜ் லாம்ப் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. மகன் வெளிநாடு போகும்போது மாமனாருக்கோ மைத்துனருக்கோ எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம் இருந்தால், மணமுறிவு தொடங்கும்போது அதை ரத்து செய்து பதிவு செய்வதும், வங்கிக்கும் சார்பதிவாளருக்கும் தெரிவிப்பதும் முதல் வேலை.

பிறர் பெயரில் சொத்து வாங்கும் பழக்கமும் கைவிட வேண்டியது. 2016-ல் திருத்தப்பட்ட பினாமிச் சட்டம், கணக்கில் உள்ள வருமானத்தைக் கொண்டு மனைவி அல்லது பிள்ளை பெயரில் வாங்குவதற்கு விலக்கு அளிக்கிறது. கணக்கில் வராத பணத்தில் வாங்கினால் அந்த விலக்கு கிடைக்காது.

கூட்டு வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. பங்குதாரர் ஒருவரின் விவாகரத்துக்காக நிறுவனத்தின் சரக்கையோ கல்லாவையோ ஜப்தி செய்ய முடியாது. ஆனால் அவருடைய பங்கின் மீதும் லாபத்தின் மீதும் நீதிமன்றம் பற்று வைக்கலாம். ஒரு பங்குதாரரின் குடும்பத் தகராறு மற்றவர்களையும் கணக்குப் புத்தகத்துடன் நீதிமன்றத்துக்கு இழுத்துவிடும்.

மறைத்தால் இரட்டை நஷ்டம்

2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் அனைத்தையும் பிரமாணப் பத்திரத்தில் வெளியிட வேண்டும் என்று உத்தரவிட்டது. ஒருவர் வெளிநாட்டில் இருந்தால் வேலை விவரம், அந்நாட்டு நாணயத்தில் வருமானம், அங்குள்ள வரி, செலவு ஆகியவற்றையும் ஆவணத்துடன் காட்ட வேண்டும். பொய் சொன்னால் அது தனிக் குற்றம்.

இங்கேதான் ஏற்றுமதி செய்பவர்களும் வெளிநாட்டுக் கணக்கு வைத்திருப்பவர்களும் நிதானிக்க வேண்டும். சரக்கின் விலையைக் குறைத்துக் காட்டி மீதியை வெளிநாட்டிலேயே நிறுத்தி வைத்திருந்தால், அந்த ரகசியம் வீட்டில் ஒருவருக்குத் தெரிந்தே இருக்கும். மணமுறிவில் முதலில் வெளிவருவது அதுதான். நீதிமன்றத்தில் சொன்னது வருமான வரித் துறைக்கும் அமலாக்கத் துறைக்கும் எட்டும்.

இங்கே குடியிருப்பாளர் என்ற நிலைக்கு வந்தவர் தம் வெளிநாட்டுச் சொத்துகளை வருமான வரிப் படிவத்தின் தனி அட்டவணையில் காட்ட வேண்டும். 2015-ம் ஆண்டு கறுப்புப் பணச் சட்டப்படி, மறைத்த வெளிநாட்டுச் சொத்துக்கு 30 சதவீத வரியும் அந்த வரியைப் போல் மூன்று மடங்கு அபராதமும் உண்டு. அதாவது 10 லட்சம் ரூபாய்ச் சொத்துக்கு 3 லட்சம் வரி, 9 லட்சம் அபராதம். சொத்தைவிடத் தண்டம் பெரிது. படிவத்தில் காட்டத் தவறியதற்கே 10 லட்சம் அபராதம் விதிக்க இடமிருக்கிறது. அசையாச் சொத்து நீங்கலாக மொத்த மதிப்பு 20 லட்சத்துக்கு மிகாமல் இருந்தால் 2024 அக்டோபர் முதல் இந்தப் 10 லட்ச அபராதத்திலிருந்து விலக்கு உண்டு. வங்கிக் கணக்கு விவரங்களை நாடுகள் தமக்குள் தானாகவே பரிமாறிக் கொள்ளும் காலம் இது. தெரியாது என்று இருந்துவிட முடியாது.

நேர்மையாக வெளிநாட்டில் சம்பாதித்தவர் இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. 1999-ம் ஆண்டு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் 6(4) பிரிவு, வெளிநாட்டில் குடியிருந்தபோது வாங்கிய வீட்டையும் கணக்கையும் ஊர் திரும்பிய பிறகும் வைத்திருக்க அனுமதிக்கிறது. வைத்திருப்பது குற்றமன்று, காட்டாமல் இருப்பதுதான் குற்றம்.

சமரசம் எழுதும்போது

பெரும்பாலான குடும்பத் தகராறுகள் ஜமாஅத்திலோ ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையிலோ பேசி முடிகின்றன. அது நல்ல வழக்கம், செலவும் மிச்சம். ஆனால் முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கினால் சொத்து கைமாறிவிட்டது என்று எண்ணக் கூடாது. நிலத்துக்குப் பதிவு வேண்டும். இந்துத் திருமணத்துக்கு, நிரூபிக்கக்கூடிய வழக்காறு இருந்தாலொழிய, நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். பேசி முடித்ததைப் பரஸ்பர சம்மத மனுவில் சேர்த்து, நீதிமன்ற ஆணையாக வாங்கிவிட வேண்டும்.

வெளிநாட்டுச் சொத்து இருந்தால் இன்னொரு கேள்வியும் உண்டு: வீடாக வாங்குவதா, பணமாக வாங்குவதா? இங்கே குடியிருக்கும் ஒருவர் வெளிநாட்டில் அசையாச் சொத்து பெறுவதற்கு 2022-ம் ஆண்டு விதிகள் சில வழிகளை மட்டுமே திறந்து வைத்திருக்கின்றன. வாரிசுரிமை, ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பும் திட்டத்தில் வாங்குவது, முறைப்படி அதை வைத்திருக்கும் இந்தியக் குடியிருப்பாளரிடமிருந்து பெறுவது ஆகியவை அவற்றில் முக்கியமானவை. வெளிநாட்டில் குடியிருக்கும் கணவர் இங்கிருக்கும் மனைவிக்கு அங்குள்ள வீட்டை எழுதித் தருகிறேன் என்றால், அது இந்த வழிகளில் எதில் அடங்கும் என்று கேட்காமல் சம்மதிக்கக் கூடாது. வீட்டை அவரே விற்று, பணத்தை வங்கி மூலம் இங்கே அனுப்பச் செய்வதே பெரும்பாலும் சுலபம்.

இங்குள்ள சொத்தை விற்று வெளிநாட்டில் வாழும் தரப்புக்குப் பணம் தர வேண்டியிருந்தால், அவர் தம் சாதாரண ரூபாய்க் கணக்கிலிருந்து வரியைக் கட்டிவிட்டு நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை எடுத்துச் செல்ல ரிசர்வ் வங்கி இடம் தருகிறது.

இனி, நம் உறுப்பினர்கள் கடைப்பிடிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகத் தொகுத்துத் தருகிறோம்.

1. மகளுக்குத் தரும் நகைக்குக் கடை ரசீதும், எடையும், படமும் சேர்த்து ஒரு பட்டியல் எழுதி, இரு வீட்டாரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக் கொள்ளுங்கள்.

2. மஹர் தொகை நிக்காஹ் பதிவேட்டில் எழுதப்பட்டுள்ளதா, உடனே தந்ததா, பின்னால் தர வேண்டியதா என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

3. மாப்பிள்ளைக்கோ மகனுக்கோ வியாபார முதல் கொடுத்தால் வங்கி வழியாகவே கொடுங்கள். கடனா, பங்கா, அன்பளிப்பா என்று ஒரு வரியாவது எழுதி வாங்குங்கள். உண்டியல் வழிப் பணத்துக்கு எந்த நீதிமன்றத்திலும் சாட்சி கிடையாது, அது சட்டவிரோதமும்கூட.

4. வெளிநாட்டில் உள்ள கடை உரிமம், வீட்டுப் பத்திரம், வாடகை ஒப்பந்தம், வங்கி அறிக்கை, சம்பளச் சீட்டு, பணி முடிவுப் பணிக்கொடை விவரம் ஆகியவற்றின் நகல் ஊரிலும் இருக்கட்டும். தகராறு வந்தபின் தேடினால் கிடைக்காது.

5. வெளிநாட்டு ஆவணங்களுக்குச் சான்றொப்பம் தேவை. எந்த நாட்டுக்கு அப்போஸ்டில் முத்திரை போதும், எந்த நாட்டுக்குத் தூதரகச் சான்று வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக் கொள்ளுங்கள்.

6. சமரசப் பத்திரத்தில் தொகையை எந்த நாணயத்தில், எந்த நாளின் மாற்று விகிதப்படி, எத்தனை தவணையில், எந்தக் கணக்கில் தர வேண்டும் என்றும், வரி யார் கட்டுவது என்றும் எழுதுங்கள். திர்ஹம் என்று பேசி ரூபாயில் வாங்கும்போதுதான் மறு தகராறு பிறக்கிறது.

7. இங்கு ஒரு வழக்கறிஞர், அங்கு ஒரு வழக்கறிஞர், ஒரு கணக்காயர் ஆகிய மூவரையும் கலந்து பேசாமல் வெளிநாட்டுச் சொத்துள்ள சமரசத்தில் கையெழுத்திட வேண்டாம்.

மணமுறிவை யாரும் விரும்பி எதிர்பார்ப்பதில்லை. கடைக்குத் தீ விபத்துக் காப்பீடு எடுப்பவர் தீப்பிடிக்க வேண்டும் என்று எடுப்பதில்லை அல்லவா? அதைப் போன்றதுதான் இந்த ஏற்பாடும். நகைப் பட்டியல் கேட்டால் சம்பந்தி மனம் கோணுமே என்று தயங்குவோர் உண்டு. அந்தத் தயக்கத்தின் விலையைப் பிற்பாடு செலுத்துவது கேட்காமல் விட்ட தகப்பன் அல்ல; இரண்டு குழந்தைகளுடன் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வரும் மகள்தான். மகனைப் பெற்றவர்களுக்கும் இதே நியாயம் பொருந்தும். பாலைவன வெயிலில் பதினைந்து ஆண்டு உழைத்த மகனின் சேமிப்பு, எழுத்து இல்லாததால் கரைந்து போகக் கூடாது. அவன் இல்லாத காலத்தில் கடையைக் காத்த மருமகளின் உழைப்பும் கணக்கில் வராமல் போகக் கூடாது.

எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். கடைக் கணக்குக்கு நாம் காட்டும் அக்கறையைக் குடும்பக் கணக்குக்கும் காட்டுவோமாக. நம் உறுப்பினர்கள் இதைப் படித்துவிட்டு மூடி வைக்காமல், இன்றிரவு கடை அடைத்து வீடு திரும்பியதும் பீரோவைத் திறந்து, எந்தப் பத்திரம் இருக்கிறது, எது இல்லை என்று பார்த்து ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டுமாய்க் கேட்டுக் கொள்கிறோம்.